திருவக்கரையில் கல்லான மரங்கள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது திருவக்கரை. செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த சந்திரமௌலீசுவரர் கோயிலும் அங்கே குடிகொண்ட வக்கிரகாளியும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. பௌர்ணமி தோறும் பேருந்துகள் நிரம்பி வழியும். வருகிறவர்களில் பலர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளியுள்ள செம்மண் மேட்டில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. கோயில் கதையில் வரும் வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்று ஊரில் சொல்வார்கள். தேசியக் கல்மரப் பூங்கா என்பது அரசு வைத்த பெயர்.

பாதி மண்ணில் புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் ஏறத்தாழ 200 அடிமரங்கள் இங்கே உள்ளன. சில 3 மீட்டர் நீளம், சில 15 மீட்டர் வரை. எட்ட நின்று பார்த்தால், வெட்டிப் போட்டு வெயிலில் காய்ந்த மரம் என்றே தோன்றும். பட்டையின் வெடிப்பு, கிளை முளைத்த கணு, குறுக்குவெட்டில் நடுத்தண்டு, அதைச் சுற்றிய வளையங்கள் எல்லாம் அப்படியே தெரிகின்றன. இரும்புச் சத்து ஏறிய இடங்களில் நிறம் காவியாகவும் பழுப்பாகவும் மாறியிருக்கிறது. தொட்டால்தான் கல்லின் குளிர்ச்சியும் கடினமும் புரியும்.

மரம் கல்லானதற்கு முதற்காரணம் வெள்ளம். இந்த அடிமரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை, இலையும் இல்லை. அதனால் இவை இங்கே முளைத்தவை அல்ல என்றும், மேட்டுப் பகுதியில் வளர்ந்து பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்றும் புவியியலாளர்கள் கருதுகிறார்கள். ஆற்று மணல் விரைவாக மூடியதால் காற்றுப் புகவில்லை, மரம் மட்கவும் வழியில்லை. மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிகா மரத்தின் நுண்ணறைகளில் படிந்தது. மரப்பொருள் மெல்ல மெல்ல அழிய, அதன் இடத்தையும் சிலிகா பிடித்துக்கொண்டது. வடிவம் மரத்துடையது, பொருள் மட்டும் கல். மூடிய மணலும் இறுகிப் பாறையானது. அதுவே கடலூர் மணற்கல்.

நுண்ணறைகள் கெடாமல் இருப்பதால், மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து மரத்தின் குடும்பத்தைச் சொல்லிவிட முடிகிறது. ஆமணக்கு, புளி, மருது ஆகியவற்றின் உறவினங்கள் இங்கே அடையாளம் காணப்பட்டுள்ளன. ஊசியிலை மர வகையைச் சேர்ந்த ஒன்றும் உண்டு. புதுச்சேரியை ஒட்டிய இதே மணற்கல்லில் குங்கிலிய மரங்களின் உறவினங்களும் கிடைத்திருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் பெருமரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்பவை. இன்றைய திண்டிவனம், விழுப்புரம் வட்டாரமோ வடகிழக்குப் பருவமழையை நம்பி மல்லாட்டை விதைக்கும் பூமி. கோடையில் ஆற்றில் மணல்தான் மிஞ்சும். இந்தக் கரையோரம் ஒரு காலத்தில் இப்போதையதைவிட ஈரமாக இருந்தது என்பதற்கு மரங்களே சாட்சி.

இதே கதை வடதுருவத்துக்கு அருகிலும் நடந்திருக்கிறது, இன்னும் வியப்பான முறையில். கனடாவின் வடகோடியில் ஆக்செல் ஹைபர்க் என்றொரு தீவு. நடுவே பிரின்சஸ் மார்கரெட் மலைத்தொடர், அதன் மேல் பரந்த பனிக்கவிகை. ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 20 டிகிரி கீழே. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை. கத்தூரி எருதும் துருவ முயலும் ஓநாயும் திரிகின்றன. அங்கு வளரும் வில்லோ செடி தரையோடு ஒட்டிப் படர்கிறது, நிமிர்ந்து மரமாக நிற்பதில்லை.

அந்தத் தீவின் ஜியோடெடிக் குன்றுகளில் 1985இல் பெருமரங்களின் அடிக்கட்டைகள் கண்டறியப்பட்டன. வயது சுமார் 4.5 கோடி ஆண்டுகள். அங்கே மரங்கள் வேரோடு, முளைத்த இடத்திலேயே நிற்கின்றன. உதிர்ந்த இலைகளும் கூம்புகளும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. ஒரு காட்டை மணல் மூட, அதன் மேல் இன்னொரு காடு வளர்ந்து, அதையும் மணல் மூடி, இப்படி அடுக்கடுக்காக. மிகுதியாக இருந்தது மெட்டாசெகோயா. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ஊசியிலை மரம் அது. தொல்லுயிர் எச்சமாக மட்டும் அறியப்பட்டிருந்த அந்த இனம் 1940களில் சீனாவில் உயிரோடு காணப்பட்டது. துருவத்தின் நீண்ட இருட்டு அப்போதும் இருந்தது, கடும் உறைபனிதான் இல்லை. கோடையின் இடைவிடாத வெளிச்சத்தில் மரம் வளரும், இருட்டில் ஓய்ந்திருக்கும். அதனால் வளையங்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன.

திருவக்கரை மரத்தைப் போல அந்த மரம் கல்லாகவில்லை. கனிமம் ஏறாமல் உலர்ந்து மரமாகவே நிற்கிறது. அறுக்கலாம், எரிக்கவும் எரியும். நெய்வேலியில் இன்னொரு விதம் நடந்தது. அங்கே புதைந்த தாவரங்கள் அழுத்தத்தில் பழுப்பு நிலக்கரியாகி, இன்று அனல் மின்நிலையக் கொதிகலனுக்குப் போகின்றன. புதைந்த மண், அதில் ஊறிய நீர், மேலே அமர்ந்த பாரம் ஆகியவையே ஒரு மரம் கல்லாவதையும் கரியாவதையும் மரமாகவே எஞ்சுவதையும் முடிவு செய்கின்றன.

திருவக்கரை கல்மரங்களை 1781இலேயே ஐரோப்பிய இயற்கையாளர் சொன்னெரா குறித்திருக்கிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் பூங்காவை அமைத்தது. மொத்தப் பரப்பு 247 ஏக்கர், ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றில் மக்கள் நடந்து பார்க்கத் திறந்திருப்பது சிறு பகுதியே. வட்டாரத்தில் கல்குவாரிகள் இயங்குகின்றன. மழையில் மண் அரித்து வெளிப்படும் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது எளிது. இடத்திலிருந்து எடுத்துவிட்ட துண்டு, எந்த மணற்படிவில் எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்ற தகவலை இழந்துவிடும். வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்களுக்கு அந்தத் தகவல்தான் வேண்டியது.