பேக்கப் இருக்கா, ஸார்?

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டபோது, திருவானைக்காவலையும் நெம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து, ஒரு பகுதி ஆற்றோடு போனது. 1928-ல் கட்டிய பாலம். ஆனாலும் சமயபுரம் போகிறவர்களுக்கு வழி அற்றுப் போகவில்லை. காரணம், பக்கத்திலேயே புதுப் பாலம் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்திருந்தது. பழையது விழுந்த பிறகு டெண்டர் விட்டுக் கட்டியதல்ல, விழுவதற்கு முன்பே கட்டியது.

இன்னொரு பாலத்தின் கதை வேறு. 2022-ல் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். திறந்தது 2023 மார்ச்சில். அதுவரை திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வாகனங்கள் சுற்று வழியில் போயின. வழி இருந்தது, ஆனால் நேரம் பிடித்தது. பத்து நிமிஷப் பயணத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று ஸ்ரீரங்கத்து ஆபீஸ்காரர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு பாலத்திலும் கம்ப்யூட்டர் சமாசாரத்தில் பாதி அடங்கிவிட்டது. மாற்று ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும். அதன் பெயர் பேக்கப். அந்த மாற்று எவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் பெயர் ரெகவரி. முதலாவதை எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் ஆபீஸில் திடீரென்று எல்லோருக்கும் டீ குடிக்கத் தோன்றும்.

டி டிரைவ் தத்துவம்

தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபது கம்ப்யூட்டர். செப்டம்பர் மாதக் கடைசி. கட்சிக்காரர்களின் கணக்கு முழுக்க டாலியில். காலை பத்து மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு முரண்டு பிடிக்கிறது. முதலாளி கேட்கிறார்:

"தம்பி, பேக்கப் எல்லாம் எடுத்திருக்கில்ல?"

"எடுத்திருக்கு ஸார்."

"அப்பாடா. எங்கே?"

"இதே கம்ப்யூட்டர்லதான் ஸார். டி டிரைவ்ல."

சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு அறைகள். வீடு எரியும்போது நகையை ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு மாற்றி வைத்த கதைதான்.

எந்த ஆபீஸிலும் பேக்கப் விஷயத்தில் நான்கு ஜாதி உண்டு. பென்டிரைவ் பக்தர்: எல்லாம் அதற்குள் இருக்கிறது, அதுதான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'நாளைக்கு' ஆசாமி: விளக்கம் தேவையில்லை. 'ஃபைனல்' நண்பர்: ஒரே ஃபைலை ஃபைனல், ஃபைனல்-2, நிஜ ஃபைனல், கடைசி நிஜ ஃபைனல் என்று சேமித்துவிட்டு எது நிஜம் என்று திணறுவார். நான்காவது, சிங்க் சிகாமணி: "எல்லாம் கிளவுடில் தானாகப் போய்விடுகிறது ஸார்" என்பார். போகத்தான் போகிறது. நீங்கள் தவறிப்போய் ஒரு ஃபைலை அழித்தால் அந்த அழிப்பும் தானாகப் போய்விடும்! குப்பைத்தொட்டியில் சில நாட்கள் கிடக்கும்; கவனிக்காமல் விட்டால் அங்கிருந்தும் காலி. நிழல் நம்மைப் போலவே ஆடும். நாம் விழுந்தால் நிழலும் விழும். பேக்கப் என்பது நிழல் அல்ல, நேற்றைய போட்டோ.

இருபது பேரின் ஞாபகசக்தியையும் சோம்பலையும் நம்பி ஒரு ஆபீஸ் நடக்க முடியாது. ஆகவே பிறந்ததுதான் மையமாக ஓர் இடத்திலிருந்து எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கவனிக்கிற ஏற்பாடு.

ராத்திரி வாட்ச்மேன்

இது எப்படி வேலை செய்கிறது? நெட்வொர்க்கில் ஒரு பேக்கப் சர்வர். மற்ற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஏஜென்ட்' என்ற சின்ன ப்ரோக்ராம். ராத்திரி எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு சர்வர் ஒவ்வொரு ஏஜென்டையும் எழுப்பி, "இன்றைக்கு என்ன மாறியது?" என்று கேட்கும். மாறியதை மட்டும் வாங்கிக் குறித்துக்கொள்ளும். காலையில் ஒரு ரிப்போர்ட்: பதினெட்டு ஓகே, இரண்டு ஃபெயில். ஒருவர் ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். இன்னொருவரின் கேபிளை எலி பார்த்துக்கொண்டது. இந்த ரிப்போர்ட்தான் விஷயமே. பேக்கப் நடக்கவில்லை என்பது அன்றே தெரிந்தால் அது தகவல். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அது விபத்து.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இருபது கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் 100 ஜிகாபைட். மொத்தம் 2 டெராபைட். தினமும் எல்லாவற்றையும் காப்பி எடுத்தால் டிஸ்க் கட்டுப்படியாகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப். மற்ற நாட்களில் மாற்றங்கள் மட்டும். ஆளுக்கு ஒரு ஜிகாபைட் மாறினாலும் இருபது ஜிகாபைட்தான். அதிலும் இருபது கம்ப்யூட்டரிலும் இருப்பது அதே விண்டோஸ். ஒரே சங்கதியை இருபது தடவை எழுதாமல், ஒரு தடவை எழுதிவிட்டு மீதிக்கு 'மேற்படி' என்று போடுகிற சாமர்த்தியமும் இந்த ப்ரோக்ராம்களுக்கு உண்டு. நம் மளிகைக் கடை நோட்டு பாணி.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வியாழக்கிழமை டிஸ்க் போனால், ஞாயிறு முழு பேக்கப்பை எடுத்து, அதன்மேல் திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக ஏற்ற வேண்டும். நடுவில் செவ்வாய் கெட்டிருந்தால் புதனும் உதவாது. நீங்கள் திங்கட்கிழமையில் நிற்பீர்கள்.

நேரம்? ஆபீஸ் நெட்வொர்க் விநாடிக்கு ஒரு ஜிகாபிட் என்றால், ஏட்டளவில் அதிகபட்சம் விநாடிக்கு 125 மெகாபைட். 2 டெராபைட் முழுவதையும் திரும்பக் கொண்டுவர சுமார் நான்கரை மணி நேரம். நடைமுறையில் அதைவிடக் கூடத்தான் ஆகும். ஃபைலை மட்டும் வைத்திருந்தால், அதற்கு முன் விண்டோஸ், டாலி, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாய்ப் போட வேண்டும். மொத்த கம்ப்யூட்டரையும் அப்படியே 'இமேஜ்' எடுத்து வைத்திருந்தால், காலி டிஸ்க்கில் நேராக இறக்கிவிடலாம். காரைக்குடி வீட்டைப் பிரித்துத் தூணுக்குத் தூண் நம்பர் போட்டு எடுத்துப்போவதற்கும், வீட்டையே தூக்கி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே ஒவ்வொரு முதலாளியும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று: எத்தனை மணி நேர வேலையை இழக்கத் தயார்? இரண்டு: எத்தனை மணி நேரம் கடையை மூடி வைக்கத் தயார்? இரண்டுக்கும் "பூஜ்யம்" என்றால் செலவு அவருக்கு மயக்கம் வரவழைக்கும். ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம்.

எங்கே வைப்பது?

பேக்கப்காரர்கள் மூன்று–இரண்டு–ஒன்று என்று ஒரு மந்திரம் சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். தில்லைநகர் ஆபீஸ் ஒரு டிஸ்க்கை ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வைத்தால், தீ, திருட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் 2005 நவம்பரில் திருச்சி வெள்ளத்தில் தத்தளித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே மழை இரண்டையும் நனைக்கும். இன்னொன்று இன்னும் தூரத்தில் இருந்தால் நல்லது.

அரசாங்கமே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. தமிழக அரசின் டேட்டா சென்டர் சென்னையில். அதற்கு ஏதாவது ஆனால் கைகொடுக்க வேண்டிய மையத்தை அமைத்தது நம் திருச்சியில். 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் வர்தா புயலும் சென்னையை என்ன பாடு படுத்தின என்று நினைத்துப் பார்த்தால், கடலிலிருந்து ஒதுங்கி, சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊரின் அருமை புரியும்.

ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்தால் என்ன ஆகும் என்று தென் கொரியா காட்டியது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பாட்டரியில் தீ. 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைத்த 'ஜி-டிரைவ்' 858 டெராபைட். வெளியே பிரதி இல்லை. இவ்வளவு பெரியதற்குத் தனி பேக்கப் வைக்க முடியவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. எலெக்ட்ரானிக்ஸில் உலகுக்கே வழிகாட்டும் நாடு!

திருடன் முதலில் தேடுவது

மையமாக வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாச் சாவியும் ஒரே கொத்தில். ரான்சம்வேர் கொள்ளைக்காரன் உள்ளே நுழைந்ததும் தேடுவது உங்கள் பாலன்ஸ் ஷீட்டை அல்ல, பேக்கப் சர்வரை. அதையும் பூட்டிவிட்டால் நீங்கள் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. எனவே பேக்கப்பின் பாஸ்வேர்டு தனி. ஒரு பிரதியாவது ஒயரைப் பிடுங்கி பீரோவில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டரே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியும் இப்போது இருக்கிறது.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களைத் தாக்கியது இதே வகைப் பூட்டு. ஓ.பி. சீட்டிலிருந்து லாப் ரிப்போர்ட் வரை நாட்கணக்கில் கையால் எழுதினார்கள். தூரத்து கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தகவல்களை மீட்டதாக அரசு பின்னர் பார்லிமென்டில் சொன்னது. அந்த ஒரு சர்வர் இல்லாவிட்டால்? ஒரு நோயாளியின் பழைய ரிப்போர்ட் என்பது வெறும் ஃபைல் அல்ல, ஸார். அடுத்த ஊசி எது என்பது அதில்தான் இருக்கிறது.

நாற்பத்தெட்டு வருஷ ரெகவரி

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது" என்று நினைத்தால் ரங்கா ரங்கா கோபுரத்தைத் தாண்டி உள்ளே போய்க் கேளுங்கள். 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, மூலவர் சன்னதியைச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் தலைமையில் ஒரு கூட்டம் தெற்கே கிளம்பியது. வயதான அவர் மதுரைப் பக்கம் வழியிலேயே காலமானார். பெருமாள் கேரளம், மேல்கோட்டை, திருமலை என்று சுற்றினார். வேதாந்த தேசிகர், சுருதப்பிரகாசிகை என்ற உரையின் ஓலைச்சுவடியையும் அதை எழுதியவரின் இரு பிள்ளைகளையும் காப்பாற்றி வெளியேறினார் என்பது வைணவ மரபு. உற்சவர் திரும்பி வந்தது 1371-ல். நாற்பத்தெட்டு வருஷம்!

அதற்குப் பிறகு நடந்ததாகக் கோயிலொழுகு சொல்வதுதான் நம் கட்டுரைக்கு முக்கியம். இடைக்காலத்தில் இன்னொரு உற்சவர் ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளியிருந்தார். இரண்டில் ஆதி உற்சவர் யார்? முன்பு பார்த்தவர்கள் காலமாகிவிட்டார்கள். கடைசியில் ஒரு முதிய சலவைத் தொழிலாளி கிடைத்தார். பார்வையும் போய்விட்டது. இரு உற்சவருக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த வஸ்திரத்தின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். பழைய வாசனையை வைத்து அவர் அடையாளம் சொன்னார். 'நம்பெருமாள்' என்ற திருநாமமே அப்போது வந்தது என்பார்கள்.

இன்றைய சாஃப்ட்வேர் பாஷையில் இது 'வெரிஃபிகேஷன்'. காப்பாற்றி வைத்தால் மட்டும் போதாது. திரும்பி வந்தது அசல்தானா என்று சொல்ல ஒருவர், ஒரு முறை இருக்க வேண்டும். நம் கம்ப்யூட்டரில் அந்த வேலையை 'செக்சம்' என்ற எண் செய்கிறது. அசல் ஃபைலையும் மீட்ட ஃபைலையும் கணக்குப் போட்டு, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கூவிவிடும்.

திங்கட்கிழமை பரீட்சை

ஆகவே திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். "பேக்கப் எடுக்கிறோமா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம் ஸார்" என்ற பதில் ரெடியாக இருக்கும். போன மாசத்து ஃபைல் ஒன்றின் பெயரைச் சொல்லி, "இதை வேறொரு கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வாட்ச்சைப் பாருங்கள்.

பத்து நிமிஷத்தில் வந்தால் அந்தத் தம்பிக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுங்கள். வரவே இல்லையென்றாலும் வாங்கிக் கொடுங்கள். இன்னும் எதுவும் தொலையவில்லை என்ற சந்தோஷத்துக்கு. காபி குடித்த கையோடு ஒரு புது டிஸ்க்குக்கு இன்டென்ட் போட்டுவிடச் சொல்லுங்கள்.