ஜிடிஏ 6 எப்போ வரும்? நிலாவையும் நம்பர் பிளேட்டையும் வைத்து தேதி குறிக்கும் ரசிகர்கள்

“அண்ணே, நவம்பர் 19 உறுதியா வந்துருமாண்ணே? இல்ல மறுபடியும் தள்ளிருவாய்ங்களா?”

கல்லலில் இருக்கும் சித்தப்பா மகன் போனை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி இது. காரைக்குடிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன். அவன் கேட்டது ‘ஜிடிஏ 6’ பற்றி. கேம் விளையாடாதவர்களுக்கு இது ஒரு விளையாட்டுப் பேச்சாகத் தெரியலாம். அவனுக்கு இது 11,000 ரூபாய் நஷ்டக் கணக்கு. அது எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில், இந்தத் தேதிகளெல்லாம் எங்கிருந்து கிளம்புகின்றன?

இதுவரை நடந்தது என்ன?

ஜிடிஏ 5 வெளியானது 2013 செப்டம்பர் 17. அடுத்த பாகத்துக்கான முதல் டிரெய்லர் வரவே 10 ஆண்டுகள் ஆயின. 2023 டிசம்பர் 5-ல் வர வேண்டிய அந்த டிரெய்லர், இணையத்தில் கசிந்துவிட்டதால் சில மணி நேரம் முன்பே அதிகாரபூர்வமாக வெளியானது. கடைசியில் இருந்த ஒரே தகவல் ‘2025’.

2025 மே 2-ல் ராக்ஸ்டார் நிறுவனம், கேம் 2026 மே 26-க்குத் தள்ளிப்போவதாக அறிவித்தது. நான்கே நாளில் இரண்டாவது டிரெய்லர் வந்து ரசிகர்களைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது. 2025 நவம்பர் 6-ல் இன்னொரு ஒத்திவைப்பு. இப்போது சொல்லப்பட்டிருக்கும் தேதி 2026 நவம்பர் 19. அறிவிக்கப்பட்டிருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் ஆகிய கன்சோல்களுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டருக்கோ மொபைலுக்கோ இல்லை.

ரசிகர்கள் எப்படித் தேதி கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் வழி, பங்குச் சந்தை அறிக்கை. ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூவுக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. 2025 மார்ச்சுடன் முடியும் ஆண்டில் 800 கோடி டாலருக்கு மேல் விற்பனையை எதிர்பார்ப்பதாக அந்த நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. “ஜிடிஏ 6 இல்லாம இவ்வளவு பணம் வராது. அப்போ 2025 மார்ச்சுக்குள்ள ரிலீஸ்” என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள். கணக்கு நியாயமானதுதான். ஆனால் நிறுவனமே பிறகு அந்த இலக்கைக் குறைத்துவிட்டது.

இரண்டாவது, வயதுச் சான்றிதழ். நம்ம ஊர் சினிமாவுக்கு சென்சார் மாதிரி, தென்கொரியா, தைவான், ஆஸ்திரேலியா, பிரேசில் போன்ற நாடுகளில் கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்புகள் உண்டு. நிறுவனம் அறிவிப்பதற்கு முன்பே அந்தத் தளங்களில் ஒரு கேமின் பெயர் வந்துவிடுவது வழக்கம். இருக்கிற துப்புகளில் ஓரளவு நம்பத் தகுந்தது இதுதான். ஏனென்றால் முடியும் தறுவாயில் இருக்கும் கேமைத்தான் பொதுவாகச் சான்றிதழுக்கு அனுப்புவார்கள்.

மூன்றாவது, திருட்டுத்தனமான கசிவு. 2022 செப்டம்பரில், பாதி உருவான ஜிடிஏ 6-ன் சுமார் 90 வீடியோக்கள் வெளியே வந்தன. தங்கள் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டதை ராக்ஸ்டாரே ஒப்புக்கொண்டது. அதைச் செய்தவர் 18 வயது பிரிட்டிஷ் இளைஞர். காலவரையின்றி மருத்துவமனைக் காவலில் வைக்க 2023 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நான்காவதுதான் நம்ம ஆட்களுக்குப் பிடித்தது: ஜோசியம். ராக்ஸ்டார் வெளியிடும் படத்தில் நிலா தெரிந்தால், அது எந்தப் பிறை, அந்தப் பிறை எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரைப் புரட்டுவார்கள். டிரெய்லரில் ஓடும் கார்களின் நம்பர் பிளேட்டைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். இப்படிக் குறித்த தேதிகள் பல வந்தன, போயின. நிலா மட்டும் தேயாமல் இருக்கிறது.

இது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சில சமயம் ரசிகர்கள் ஜெயித்திருக்கிறார்கள். 2012 டிசம்பரில் ‘மோபி டிக் ஸ்டுடியோ’ என்று யாருக்கும் தெரியாத ஒரு நிறுவனம் ‘தி ஃபேண்டம் பெய்ன்’ என்ற கேமின் டிரெய்லரை வெளியிட்டது. அதன் தலைவர் பெயர் ‘ஜோகிம் மோக்ரன்’ என்றார்கள். ‘ஜோகிம்’ என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘கோஜிமா’ வருகிறதே என்று ரசிகர்கள் பிடித்துவிட்டார்கள். 2013 மார்ச்சில் உண்மை வெளியானது. அது ஹிடியோ கோஜிமாவின் ‘மெட்டல் கியர் சாலிட் 5’.

வினையும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. 2021-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சின்ன நிறுவனம் ‘அபேண்டண்ட்’ என்ற பிஎஸ் 5 கேமை அறிவித்தபோது, “இதுவும் கோஜிமாதான்” என்று பல மாதங்கள் ஆராய்ச்சி நடந்தது. அவருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அந்த நிறுவனம் மறுத்தது. மறுத்ததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் வந்தது சில விநாடிகள் ஓடும் ஒரு காட்சி மட்டுமே. ஒரு முறை பலித்த ஜோசியம் அடுத்த பத்து ஜோசியங்களை நம்பவைக்கிறது.

தமிழர்களுக்கு இது புதுசும் இல்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடமே ‘வலிமை அப்டேட்’ கேட்டவர்கள் நாம். அஜித் அறிக்கை விட்டுப் பொறுமையாக இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. படம் வந்தது 2022 பிப்ரவரியில்.

இந்தியாவில் இப்படி நடந்ததுண்டா?

உண்டு. கேமுக்கு அல்ல, கன்சோலுக்கே. பிஎஸ் 5 உலகின் பல நாடுகளில் 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு மட்டும் தேதி இல்லை. சோனிக்கு முன்பே ‘பிஎஸ் 5’ என்ற பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு டெல்லிக்காரர் ஒருவர் விண்ணப்பித்திருந்த செய்தி வேறு வெளியானது. “அதனாலதான் லேட்டு”, “இல்லை, ஸ்டாக் இல்லை” என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்த விண்ணப்பம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஒருவழியாக 2021 பிப்ரவரி 2-ல் 49,990 ரூபாய்க்கு பிஎஸ் 5 இந்தியா வந்தது. ஜனவரி 12-ல் தொடங்கிய முன்பதிவு சில நிமிடங்களில் முடிந்துபோனது. ‘சீக்கிரம் எடுக்கலைன்னா கிடைக்காது’ என்ற பயம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

நிறுவனமே சொன்னால் நம்பலாமா?

அதையும் கொஞ்சம் பொறுத்துத்தான் நம்ப வேண்டும். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்ற சிறு குழு ‘சில்க்சாங்’ கேமை 2019 பிப்ரவரியில் அறிவித்தது. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சி ஒன்றில் காட்டப்பட்ட கேம்கள் எல்லாம் 12 மாதத்துக்குள் வரும் என்றார்கள். அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. வரவில்லை. பிறகு 2025 ஆகஸ்ட் 21-ல் திடீரென்று தேதி சொல்லி, இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4-ல் வெளியிட்டார்கள். வாங்க வந்த கூட்டத்தில் ஆன்லைன் கடைகளே திணறின.

தள்ளிப்போவது எப்போதும் கெட்டதும் இல்லை. பல முறை தள்ளிவைத்தும் முழுதாக முடிக்காமல் 2020 டிசம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ கேமை, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

தேதி பேசுங்கள், சண்டை போடுங்கள், நிலாவைப் பாருங்கள். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். ஒரு செய்தி வந்தால், அதை முதலில் சொன்னது யார், நிறுவனமா அல்லது ‘தகவல் வட்டாரமா’ என்று பாருங்கள். சொல்பவருக்கு நீங்கள் வீடியோ பார்ப்பதால் மட்டும் லாபமா என்று யோசியுங்கள். ‘ஜிடிஏ 6 மொபைல்’, ‘பீட்டா டவுன்லோட்’ என்று வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம். அறிவிக்கப்படாத ஒன்றை யாராலும் தர முடியாது. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இப்போது தம்பி கதை. 20 பேர், மாதம் 2,500 ரூபாய், 50,000 ரூபாய் ஏலச்சீட்டு. 2025 ஜனவரியில் தொடங்கியது. கேம் அந்த வருஷமே வந்துவிடும், கன்சோல் தட்டுப்பாடு வரும் என்று ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, மார்ச்சிலேயே 11,000 ரூபாய் தள்ளிச் சீட்டை எடுத்தான். வந்த 39,000 ரூபாயோடு சேமிப்பையும் போட்டு பிஎஸ் 5 வாங்கினான். அடுத்த ஐந்தாவது வாரம் முதல் ஒத்திவைப்பு அறிவிப்பு. புது கேம் ஒன்று 5,000 ரூபாய் வரை ஆகிறது என்பதால், சிநேகிதர்களிடம் பழைய டிஸ்க் வாங்கி ஆடிக்கொண்டிருக்கிறான். சீட்டுப் பணம் மட்டும் மாதாமாதம் போகிறது.

அதே சீட்டில் அவன் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் அதே கேம் பைத்தியம்தான். ஆனால் எந்த வீடியோவையும் நம்பவில்லை. கடைசி ஆளாக, 2026 ஆகஸ்டில்தான் எடுக்கப்போகிறானாம். கடைசிச் சீட்டுக்குத் தள்ளுபடி கிடையாது, கமிஷன் போக முழுப் பணம். நவம்பர் 19-க்கு அப்போதும் மூன்று மாதம் இருக்கும்.

“நீ என்ன சொன்னடா அவன்ட்ட?” என்று கேட்டேன்.

“நான் என்னத்தண்ணே சொல்ல? கேம் வந்தா என் வீட்டுக்கு வந்து ஆடுன்னேன். இப்ப நான் அவன் வீட்டுக்குப் போவேன் போல.”