மலைநாட்டு ஓடைகளின் வலு

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில் கந்தப்பளை அமைந்திருக்கிறது. அவ்வூரை அடுத்துள்ள ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது பயணிகள் தங்கும் விடுதியாக விளங்குகின்றது. அதன் மேல்மாடிகள் கொழுந்தை வாட்டுவதற்கெனக் கட்டப்பட்டவை. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் இத்தகைய ஆலைகளை இயக்கும் வலு எங்கிருந்து வந்தது? இனி எங்கிருந்து வரவேண்டும்? நேயர்களே, இவ்விரு வினாக்களையும் சற்றே ஆராய்வோம்.

எரிபொருளை மலைமீது ஏற்றிச் செல்வது பெருஞ்செலவு. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பல தோட்டங்கள் ஓடை நீரைக் குழாய்வழியே இறக்கி, டர்பைன் என்னும் நீர்ச்சுழலியை இயக்கின. இதன் கணக்கு எளியது. விநாடிக்கு 50 லீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், அதில் 49 கிலோவாட் வலு அடங்கியிருக்கும். நூற்றுக்கு 70 பங்கு திறனுள்ள பொறி அதிலிருந்து 34 கிலோவாட் மின்சாரம் தரும். உயரம் மிகுந்த இடத்தில் சிறிதளவு நீரே போதும். அவ்வுயரம் மலைநாட்டுக்கு இயற்கை அளித்த செல்வம்.

இவ்வுண்மையை நாடு முழுவதற்கும் பொருத்திக் கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு ஆறுகளால் மின்சாரம் ஆக்கலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே அவர் எடுத்துரைத்தார். 1950இல் இலக்சபான நிலையம் இயங்கலாயிற்று. பின்னர் தேசிய மின்கம்பி தோட்டங்களை எட்டியபோது, அவற்றின் சிறு சுழலிகள் பல கைவிடப்பட்டன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் சிறு நிலையங்கள் மின்சார சபைக்கு மின்சாரம் விற்கத் தொடங்கவே, ஓடைகள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

அந்த மதிப்பு எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசு வகுத்த இலக்கு.

ஆயினும் மூன்று செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, வெப்பம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். எஞ்சிய எடை பெரும்பாலும் ஆவியாக்கவேண்டிய நீரே. சுழலி உருளைகளையும் விசிறிகளையும் இயக்கும். உலையின் வேலையைப் பெரிதும் விறகே செய்கிறது. ஆதலால் விறகு மரங்களை நட்டு வளர்ப்பதும் மின்வலுக் கொள்கையோடு சேர்ந்ததே. இரண்டாவது, பருவம். ஆண்டின் முதல் மாதங்களில் மழை குறைய, ஓடை மெலியும். அக்காலத்து வெயிலைக் கூரைமேல் அமைத்த சூரியத் தகடுகள் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்றாவது, ஓடையின் உரிமை. குழாய்க்குள் திருப்பப்படும் நீரையே கீழேயுள்ளோர் குடிக்கவும் குளிக்கவும் நம்பியிருத்தல் கூடும். அவர்களுக்குரிய நீரை விட்ட பின்னரே மிகுதியை எடுத்தல் முறை.

மலைநாட்டு நீர் தலைநகருக்கு ஒளி கொடுத்த காலத்தில், அந்நீரருகே வாழ்ந்தோரின் லயன் அறைகள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. எத்தனை கிலோவாட் கிடைக்கும் என்று கணக்கிடும் திட்டம், அது எந்த வீட்டில் விளக்கேற்றும் என்பதையும் அதே ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.