பதில் சொல்லாத கார்டு



வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாசிக்கிறார். "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கிறீர்கள். ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. 'வரவில்லை' என்று குறித்துக்கொள்கிறார். ஆனால் அந்த மாணவன் தொண்டை கட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால்?

கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஒரு வருகைப் பதிவு உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடம் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு மாறியது. மறுநாள் ஒரு கணிப்பொறியின் திரை இருண்டு கிடந்தது. பழுது பார்க்க வந்தவர், "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். விலையைக் கேட்டுத் திகைத்தோம். பிறகு, நாமே சோதித்துப் பார்க்கலாமே என்று மாணவர்களும் நானும் அமர்ந்தோம்.

கிராபிக்ஸ் கார்டின் வேலை என்ன? 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை படம் மாறினால், 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்க வேண்டும். அதற்கென்றே அமைந்த சாதனம் இது.

கணிப்பொறியை இயக்கியதும், தாய்ப்பலகையில் உள்ள தொடக்க நிரல் ஒவ்வோர் இணைப்பிடத்தையும் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும். அங்குள்ள சாதனம் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணைச் சொல்லும். பதினாறடிமான முறையில் ஏஎம்டியின் எண் 1002. இன்டெல்லின் எண் 8086. பதில் வராவிட்டால் பதினாறு பிட்டுகளிலும் 1 என்றே படிக்கப்படும். அது எந்த நிறுவனத்திற்கும் உரிய எண் அன்று. எனவே 'அங்கு யாரும் இல்லை' என்று கணிப்பொறி முடிவு செய்துவிடுகிறது. கவனியுங்கள்: 'பதில் இல்லை' என்பதும் 'கார்டு பழுது' என்பதும் ஒன்றல்ல!

முதலில் திரையின் கேபிளைத் தாய்ப்பலகையிலேயே செருகினோம். எங்கள் செயலிக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருந்ததால் படம் வந்தது. சாதனப் பட்டியலைத் திறந்தோம். கார்டின் பெயர் எச்சரிக்கைக் குறியோடு இருந்திருந்தால், அதை இயக்கும் மென்பொருளை முதலில் சந்தேகிக்கலாம். பெயரே இல்லை. ஆகவே இணைப்பையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும்.

மின் இணைப்பை முழுவதும் துண்டித்தோம். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வைத்தோம். ஏன்? நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம், நாம் உணராத அளவில் இருந்தாலும் நுண்சில்லுகளைக் கெடுத்துவிடும்.

இணைப்பிடம் அதிக அளவாக 75 வாட் மட்டுமே தரும். பெரிய கார்டுக்குத் தனி மின்கேபிள் வேண்டும். அதை அழுத்திச் செருகி, மீண்டும் இயக்கினோம். பயனில்லை. மறுபடியும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கார்டைக் கழற்றி, நேராக அழுத்திப் பொருத்தினோம். பட்டியலில் பெயர் வந்துவிட்டது!

நடந்தது இதுதான்: படியேற்றியபோது கனமான கார்டின் ஒரு முனை இணைப்பிடத்திலிருந்து சற்று எழும்பிவிட்டது. கார்டின் விளிம்பில் பொன்முலாம் பூசிய 164 தொடுமுனைகள் உள்ளன. பொன் துருப்பிடிக்காது; ஆனால் தொட்டால்தானே மின்சாரம் பாயும்? முக்கியமான சில முனைகள் விலகினாலே கார்டு ஊமையாகிவிடும்.

இதிலும் பயனில்லை என்றால், கார்டை வேறொரு கணிப்பொறியில் பொருத்திப் பார்த்திருப்போம். அங்கே வேலை செய்தால் குறை கார்டில் இல்லை. அங்கேயும் பேசாவிட்டால்தான் புதிது வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏன் மாற்றவில்லை? தனி ஊசல் சோதனையில் நீளத்தை மாற்றும்போது குண்டையும் சேர்த்து மாற்றுவதில்லை அல்லவா? மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டு டார்ச் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரியா, பல்பா, சுவிட்சா? எதை முதலில் சோதிப்பீர்கள், ஏன்? வரிசையை எழுதிப் பாருங்கள்.