கூண்டின் பின்கதவு

2025 ஜூலையில் மலேசியாவின் தைப்பிங் மிருகக்காட்சிசாலையைச் சேர்ந்த தாரா, அமோய், கெலாட் என்ற மூன்று பெண் யானைகள் விமானத்தில் ஜப்பானுக்குப் போயின. ஒசாக்கா நகரின் தென்னோஜி மிருகக்காட்சிசாலைக்கு. செய்தி வெளிவந்ததும் பலரும் கொதித்தார்கள். நம் காட்டின் யானையை எதற்கு அனுப்ப வேண்டும், அங்கத்திய குளிரை அது தாங்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இரண்டரை, மூன்று டன் எடையுள்ள உயிரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் எப்படிப் போக வைக்கிறார்கள்? ஒரு மிருகக்காட்சிசாலையின் தரத்தை அந்தப் பதிலில் கண்டுகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பினாங்கின் சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பறவை பார்க்க செபராங் ஜெயா இருக்கிறது, பட்டாம்பூச்சி பார்க்கத் தெலுக் பஹாங் இருக்கிறது. புலியும் யானையும் பார்க்க வேண்டுமென்றால் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறித் தைப்பிங்தான் போக வேண்டும். 1961இல் தொடங்கிய அந்த இடம் நாட்டின் பழைய மிருகக்காட்சிசாலைகளில் ஒன்று. ஆகவே அங்கே நடப்பது பினாங்குக்காரர்களுக்கு அயலூர்க் கதை அல்ல.

கண்ணாடிக்கும் அகழிக்கும் அப்பால் நாம் பார்ப்பது விலங்கின் முன்வாசல் மட்டுமே. புல்லும் மரமும் குளமுமாக இருக்கும் அந்த வெளி, அதன் பகல் வீடு. கம்பிக்குப் பதில் அகழி வைத்து விலங்கைத் திறந்த வெளியில் காட்டும் முறையை 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் பரவலாக்கினார். பார்ப்பவர் மனத்தை அது லேசாக்கியது. ஆனால் புலி இரவைக் கழிப்பது பின்னால் இருக்கும் சிமெண்ட் அறைகளில்தான். அறைக்கும் வெளிக்கும் நடுவே மேலும் கீழும் ஏறி இறங்கும் இரும்புக் கதவு ஒன்று இருக்கும். வெளியே பத்திரமாக நின்றுகொண்டு சங்கிலியை இழுத்து அதைத் திறப்பார்கள். மாலையில் இறைச்சி உள்ளே வைக்கப்படும், புலி நடந்து வரும், கதவு இறங்கும், பூட்டு விழும். எத்தனை புலி உள்ளே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே பகல் வெளியைச் சுத்தம் செய்ய ஆள் நுழையலாம். எண்ணாமல் நுழைவதும், பூட்டியாயிற்று என்று நினைத்துக்கொள்வதும் உலகெங்கும் பராமரிப்பாளர்களின் உயிரைக் குடித்திருக்கின்றன.

கூப்பிட்டும் விலங்கு வரவில்லை என்றால்? தண்ணீரைப் பீய்ச்சி விரட்டுவது, தகரத்தைத் தட்டிப் பயமுறுத்துவது, பட்டினி போட்டு இழுப்பது எல்லாம் பழைய வழிகள். மயக்க ஊசி இன்னொரு வழி, ஆனால் அதன் ஆபத்து நாம் நினைப்பதைவிடப் பெரியது. மயங்கிய ஒட்டகச்சிவிங்கி விழும் விதத்திலேயே கழுத்து முறியலாம். மயங்கிப் படுத்த யானையின் நுரையீரலை அதன் உடல் எடையே அழுத்தும். மான்களின் நிலை இன்னும் பரிதாபம். துரத்திப் பிடிக்கும்போது பீதியில் ஓடி ஓடித் தசைகள் சிதையும், இரத்தத்தில் அமிலம் ஏறும். பிடித்த அன்று நன்றாக இருப்பதுபோல் தெரியும் மான் ஓரிரு நாளில் செத்துக் கிடக்கும். காயம் எதுவும் இருக்காது.

அதனால்தான் அக்கறையுள்ள இடங்களில் பெட்டியைப் பல வாரங்கள் முன்பே விலங்கின் இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கும், தீனி உள்ளே இருக்கும். முதலில் தலையை நீட்டும், பிறகு ஒரு காலை வைக்கும். முழுதாக உள்ளே போகும் நாள் வரும்போது கதவை ஒரு கணம் மூடித் திறப்பார்கள், பிறகு ஒரு நிமிடம், பிறகு அரை மணி. யானைக்குக் கால் சங்கிலியும், பெட்டியின் ஆட்டமும், வண்டியின் இரைச்சலும்கூடப் பழக்கமாக வேண்டும். கடைசியில் பயண நாளன்று விலங்கு தானாக நடந்து ஏறும். அது சம்மதமா என்று கேட்டால், முழுச் சம்மதம் என்று சொல்லிவிட முடியாது. எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாதே. ஆனாலும் பயந்து நடுங்கி ஏறுவதற்கும் பழகி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஊர் தாண்டிப் போகும் விலங்குக்குப் பெட்டி மட்டும் போதாது, ஆவணத் தாளும் நேர்மையாக இருக்க வேண்டும். இதற்கும் தைப்பிங்கையே பார்க்கலாம். 2002இல் நான்கு கொரில்லாக் குட்டிகள் நைஜீரியாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தன. இபாடான் பல்கலைக்கழக மிருகக்காட்சிசாலையில் பிறந்தவை என்றன ஆவணங்கள். உண்மையில் அவை கேமரூன் காட்டில் பிடிபட்டவை. கொரில்லாக் குட்டியை உயிரோடு பிடிப்பவர்கள் வழக்கமாகத் தாயைச் சுட்டுவிட்டுத்தான் பிடிக்கிறார்கள். அனைத்துலக விலங்கினப் பாதுகாப்பு அமைப்புகள் கேள்வி எழுப்பின. கேமரூன் தன் குட்டிகளைத் திருப்பிக் கேட்டது. ஆனால் 2004இல் அவை அனுப்பப்பட்டது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு. அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2007இன் இறுதியில்தான் கேமரூனின் லிம்பே வனவிலங்கு மையத்தை அடைந்தன. தைப்பிங் நால்வர் என்றே உலகம் அவற்றை அழைத்தது. ஒவ்வொரு இடத்திலும் புதிய அறை, புதிய ஆட்கள், புதிய மணம். குட்டிப் பருவம் முழுதும் பெட்டிக்கும் கூண்டுக்கும் நடுவே போயிற்று. அந்தப் பெயரில் நம் ஊர் இருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஒரு மிருகக்காட்சிசாலை முழுவதையுமே இடம் மாற்றிய அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, பிறகு சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்துப் பூங்காவுக்கு மாறி, நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே நெரிசலில் இருந்தது. 1985இல் வண்டலூர் காப்புக்காட்டின் பரந்த இடத்தில் அது புதிதாகத் திறக்கப்பட்டபோதுதான் விலங்குகள் மூச்சு விட்டன. இடம் மாறுவது எப்போதும் துன்பம் அல்ல என்பதற்கு வண்டலூரைச் சொல்லலாம்.

மலேசியாவில் மிருகக்காட்சிசாலைகளை நடத்துவதற்கான விதிமுறைகள் 2012இல் நடப்புக்கு வந்தன. கூண்டின் குறைந்தபட்ச அளவு முதல் நோயுற்ற விலங்கைத் தனியே வைப்பது வரை அவை பேசுகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் இடமாற்றம் என்று வரும்போது பொதுமக்கள் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். யானை மூன்றும் போனபோது எழுந்த கோபத்தில் பாதி அதனால் வந்தது. அடுத்த முறை ஒரு விலங்கை அனுப்பும்போது பெட்டிப் பழக்கம் எத்தனை வாரம் நடந்தது, கூட எந்தப் பராமரிப்பாளர் போகிறார், போய்ச் சேரும் இடத்தில் இரவு அறை எவ்வளவு பெரியது, அங்கே ஒத்துவராவிட்டால் திரும்பி வர வழி உண்டா என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தேவையான சைட்டிஸ் அனுமதித் தாளையும் மக்கள் பார்க்கும்படி வைக்கலாம். மறைக்க எதுவும் இல்லாத இடமாற்றத்துக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

விடுமுறையில் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போகும் ஆசிரியர்களும் பெற்றோரும் அங்குள்ள பராமரிப்பாளரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தைப்பிங்கில் இரவு உலாவும் நடக்கிறது. பகலிலும் இரவிலும் ஆட்கள் வரும் இடத்தில் இந்த விலங்கு எப்போது தூங்குகிறது, பின்னால் அதற்கு எத்தனை அறை, கதவு திறந்தால் தானாக வருமா என்று கேளுங்கள். தன் விலங்கை நேசிக்கும் பராமரிப்பாளர் இதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்.