திறந்த மூலம் – 11: வானொலியில் படித்த பையன் கட்டிய வகுப்பறை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பள்ளிக்கூடம் கட்டிப் பயனில்லை. ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வெறும் செம்மண்ணாகவே கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும். பிள்ளைகள் எப்படி வந்து சேர்வார்கள்? 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பறக்கும் மருத்துவச் சேவைக்காக வீடுகளில் வைத்திருந்த சிற்றலை வானொலியிலேயே கொஞ்ச நேரம் பாடம் நடத்தினார்கள். ஆசிரியை மைக்கில் கேள்வி கேட்பார். எங்கோ பாலைநிலத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் பொத்தானை அழுத்திக்கொண்டு பதில் சொல்வான். எழுத்து வேலை தபாலில் போய் வரும். வான்வழிப் பள்ளி என்று பெயர்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்படிப் படித்து வளர்ந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். 1990களில் அவர் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பாடக்குறிப்பு, தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் வைப்பதற்கான மென்பொருள் அது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே கோல்ட்பெர்க் என்ற கணினித் துறை ஆசிரியர் தன் மாணவர்களுக்காக எழுத ஆரம்பித்தது. நன்றாக இருக்கவே மற்ற பல்கலைக்கழகங்களும் கேட்டன, கம்பெனி ஆயிற்று, கம்பெனி கைமாறியது. ஒரு வாத்தியார் வகுப்புக்காகச் செய்த பொருளுக்குச் சில வருடங்களில் மற்ற வாத்தியார்கள் ஆண்டு உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிழை இருந்தால் கம்பெனிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே திறந்து பார்க்க முடியாது.

டூகியாமஸ் தனியாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். பல வரைவுகளுக்குப் பிறகு 2002 ஆகஸ்ட் 20 அன்று முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. அதுதான் மூடுல். ஜி.பி.எல். உரிமம் என்பதால் யாரும் இறக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம். பி.எச்.பி. மொழியில் எழுதினார். நிரல்மொழி அறிஞர்கள் முகம் சுளித்தாலும், அது கெட்டிக்கார முடிவு. அப்பாச்சி என்ற வலை சர்வரும் ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இருந்தால் போதும். மாத வாடகை சில நூறு ரூபாய் வாங்கும் சாதாரண ஹோஸ்டிங்கிலும் ஓடும். கிராமத்துப் பள்ளிக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் ஒரே நிரல்.

இலவசம் என்பதற்காகவே பேசப்படுவதால், மூடுலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை. டூகியாமஸின் ஆய்வு கல்வியியல் சார்ந்தது. மாணவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லும்போதுதான் கற்கிறார்கள் என்ற கொள்கைப் பக்கம் நின்றவர். அது நிரலிலும் இறங்கியிருக்கிறது. விவாதப் பகுதியில் ஒரு மாணவி எதையோ எழுதி அனுப்புகிறாள் என்று வையுங்கள். மூடுல் அதை உடனே எல்லாருடைய மின்னஞ்சலுக்கும் தள்ளிவிடாது. இயல்பான அமைப்பில் அரை மணி நேரம் பொறுக்கும். அதற்குள் அவள் திரும்பிவந்து எழுத்துப்பிழையைத் திருத்தலாம், கோபத்தில் எழுதிய வரியை எடுத்துவிடலாம். வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அரை மணி நேரம் இருந்திருந்தால் எத்தனை மாமன் மச்சான் உறவுகள் பிழைத்திருக்கும்!

இன்னொரு பகுதிக்குப் பட்டறை என்று பெயர். மாணவர்கள் கட்டுரை எழுதி ஏற்றுவார்கள். பிறகு மூடுல் அவற்றை அவர்களுக்கிடையிலேயே பங்கிட்டுத் திருத்தக் கொடுக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு வகை மதிப்பெண். எழுதியதற்கு 80, பிறர் கட்டுரையைத் திருத்தியதற்கு 20, ஆசிரியர் மாற்றிக்கொள்ளலாம். திருத்தியதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? அதே கட்டுரையைத் திருத்திய மற்றவர்கள் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நண்பனுக்கு அள்ளிப் போட்டால் நமக்குக் குறையும். ஐம்பது பேர் வகுப்பில் ஆசிரியர் கையால் இதைச் செய்யக் கிளம்பினால் பருவமே முடிந்துவிடும்.

நம் கல்லூரிகளில் பட்டறையைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. பெரும்பாலும் பி.டி.எஃப்., பவர்பாயிண்ட் ஏற்றிவைக்கும் கிடங்காகத்தான் மூடுல் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வு நடக்கும் வாரத்தில் கூடுதலாக இரண்டு கோப்பு ஏறும்.

இனி, மூடுல் வைத்திருந்தவர்களைக் கலங்கவைத்த ஒரு வழக்குக்கு வருவோம். அமெரிக்காவின் பிளாக்போர்டு நிறுவனம் 2005இல் வெப்சிடியை 18 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த ஜனவரியில் அதற்கு ஒரு காப்புரிமையும் கிடைத்தது. என்ன கண்டுபிடிப்பு? ஒரே ஆள் ஒரே பெயரில் உள்ளே நுழைந்து, ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொன்றில் ஆசிரியராகவும் இருப்பது. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே இளங்கலை வகுப்பு எடுக்கும் எவரும் இதைத்தான் செய்கிறார்கள். அந்தக் காப்புரிமையை வைத்துக் கனடாவின் டிசையர்டுலேர்ன் என்ற போட்டி நிறுவனத்தின் மேல் 2006 ஜூலையில் டெக்சாஸில் வழக்குப் போட்டார்கள்.

வழக்கு இன்னொரு கம்பெனி மேல்தான். ஆனால் மூடுலை நிறுவியிருந்த கல்லூரிகளுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அடுத்தது நாமா? டூகியாமஸ் உட்படப் பலரும் பழைய சான்றுகளைத் தோண்டினார்கள். விக்கிப்பீடியாவில் இணையவழிக் கல்வியின் வரலாறு என்ற கட்டுரை தன்னார்வலர்கள் கையில் நாளுக்கு நாள் வளர்ந்தது. 1960களில் இலினாய் பல்கலைக்கழகம் நடத்திய பிளேட்டோ கணினிப் பாடங்கள் வரை போனார்கள். மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் மூடுல், சகாய், ஏட்யூட்டர் என்ற மூன்று திறந்த மூலத் திட்டங்களின் சார்பில் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கேட்டது. காப்புரிமை அலுவலகமும் ஒப்புக்கொண்டது. 2007 பிப்ரவரியில் திறந்த மூலத் திட்டங்கள் மேல் அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்று பிளாக்போர்டு உறுதி எழுதிக் கொடுத்தது. டிசையர்டுலேர்ன் பிளாக்போர்டுக்கு 31 லட்சம் டாலர் தர வேண்டும் என்று டெக்சாஸ் ஜூரி 2008இல் சொன்னது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக்கு அடிப்படையான காப்புரிமைக் கோரல்களே செல்லாது என்றது.

இதற்கிடையே பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005இலேயே மூடுலைத் தேர்ந்தெடுத்திருந்தது. தொலைதூரக் கல்விக்கென்றே 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்ளாமல் தன் புரோகிராமர்களை மூடுலிலேயே வேலை செய்ய விட்டது. 2011இல் வந்த 2.1 பதிப்பில் தேர்வுக் கேள்விகளை இயக்கும் பகுதியைப் பெரும்பாலும் அவர்கள்தான் புதிதாக எழுதினார்கள். இன்றைக்கு ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில் மாணவன் இணையத் தேர்வு எழுதினால், அந்த நிரலுக்குக் கூலி பிரிட்டனில் கொடுத்தாகிவிட்டது.

செலவே இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்வர் வேண்டும். கிரான் என்ற காவல்கார நிரல் நிமிடத்துக்கு ஒரு தரம் விழித்துப் பார்க்க வேண்டும். அது நின்றால் மின்னஞ்சல் போகாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் போட வேண்டும். யாரோ எழுதிக் கைவிட்ட ப்ளக்இன் ஒன்று புதிய பதிப்பில் ஓடாமல் நிற்கும். இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பல இடங்களில் ஆய்வகத்தில் ஆர்வமுள்ள ஒரே ஒருவர் எல்லாவற்றையும் தலையில் வைத்திருப்பார். அவர் வேலை மாறிப் போன வருடமே தளம் படுத்துவிடும். உரிமக் கட்டணத்தில் மிச்சமான பணத்தை அந்த ஒருவருக்கும், அவருக்கு மாற்றாக இன்னொருவருக்கும் சம்பளமாகக் கொடுக்கும் நிர்வாகத்தை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது.

சொந்த சர்வர் இருப்பதன் பலன் 2020இல் இலங்கையில் தெரிந்தது. அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்க லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களின் மூடுல் அவரவர் சர்வரில், அந்த வலையமைப்புக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. கொரோனாவில் வளாகங்கள் மூடியதும், அந்த சர்வர்களுக்குப் போய்வரும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை என்று தொலைபேசி நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. போனில் ரீசார்ஜ் தீர்ந்த மாணவராலும் பாடத்தைத் திறக்க முடிந்தது. பாடம் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் கிளவுடில் கிடந்திருந்தால், எந்த முகவரியை இலவசமாக்குவது?

வெளியாரிடம் பராமரிப்பைக் கொடுக்கும் கல்லூரிகளுக்கும் இதில் ஒரு சின்னச் சோதனை உண்டு. மூடுலில் ஒரு பாடம் முழுவதையும், கேள்வி வங்கியோடு சேர்த்து, எம்.பி.இசட். என்ற ஒரே கோப்பாக இறக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஏஜென்சிக்காரரை எதிரில் உட்காரவைத்து, ஒரு பாடத்தை அப்படி இறக்கி, வேறொரு சர்வரில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். டொமைன் பெயர் கல்லூரியின் பேரில் இருக்கிறதா, நிர்வாகி பாஸ்வேர்டு முதல்வரிடமும் இருக்குமா என்றும் கேளுங்கள். தயங்கினால் வேறு ஏஜென்சி பார்க்கலாம், மென்பொருள் அதேதான்.

(தொடரும்)