கையில் கட்டும் பட்டையும் பிள்ளைகளின் தீம் பார்க் பயணமும்



கோடை விடுமுறை வந்துவிட்டால், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேலை பார்க்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய் வருகிற குடும்பங்கள் இப்போது நம்மில் உண்டு. போன இடத்தில் பேரப்பிள்ளைகளோடு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது. அங்கே வாசலில் சீட்டைக் கிழித்து உள்ளே விடுகிற காலம் மலையேறிவிட்டது. கையில் ஒரு ரப்பர் பட்டை. அதைத் தொட்டுக் காட்டினால் கதவு திறக்கும், ரைடில் ஏறலாம், ஐஸ்கிரீமும் வாங்கலாம். இதனால் பயணம் இலகுவாகிறதா, கெட்டுப்போகிறதா? வாசலைத் திறக்க அது நல்ல சாதனம், பணப்பையை அதனிடம் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

இதில் பெயர் பெற்றது டிஸ்னியின் ‘மேஜிக் பேண்ட்’. 2013ஆம் ஆண்டு, புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகருக்கு அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அறிமுகமானது. பட்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் கணினி ஏற்பாடும் சேர்த்து ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. பட்டைக்குள் நம் பெயரோ முகவரியோ இருக்காது; ஓர் அடையாள எண் மட்டும் இருக்கும். அந்த எண் யாருடையது, எந்த அறை, எந்த கிரெடிட் கார்டு என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. பட்டையில் இரண்டு வகை ரேடியோ உண்டு. தொட்டுக் காட்டும்போது வேலை செய்வது ஒன்று. அதற்கு பேட்டரியே தேவையில்லை, படிக்கும் கருவி தரும் மின்காந்த அலையிலேயே இயங்கிவிடும். பேட்டரியில் ஓடும் இன்னொன்று சற்றுத் தொலைவில் இருக்கும் கருவிகளுக்கும் எண்ணை அனுப்பிக்கொண்டிருக்கும். ரைடில் எடுத்த போட்டோ தானாக நம் கணக்கில் வந்து சேர்வது இதனால்தான். கூட்டம் எங்கே திரள்கிறது என்பதை நிறுவனம் அறிந்துகொள்வதும் இதனால்தான்.

நன்மை இல்லை என்று சொல்லமாட்டோம். கைக்குழந்தை ஒரு தோளில், பை இன்னொரு தோளில் இருக்கும் தாய்க்கு, டிக்கெட்டும் அறைச் சாவியும் மணிக்கட்டிலேயே இருப்பது பெரிய உதவி. தண்ணீரில் விளையாடும் இடத்தில் இன்னும் உதவி. அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் 2017 மே மாதம் திறந்த ‘வால்கனோ பே’ நீர்ப் பூங்காவில், நுழையும்போதே ‘டாபு டாபு’ என்ற நனையாத பட்டையைக் கட்டிவிட்டார்கள். சறுக்கு மரத்தின் அடியில் ஒரு முறை தொட்டுவிட்டு வேறு பக்கம் போய் விளையாட முடிந்தது. நம் முறை வந்ததும் பட்டை அதிர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்த புதிதில் ஒரு சறுக்குக்கே மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததாகப் பலரும் குறைப்பட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்ற முடியுமோ அத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும். வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர, குறைந்துவிடவில்லை.

இனி பணத்துக்கு வருவோம். டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் தங்கள் கார்டைப் பட்டையோடு இணைத்துக்கொள்ளலாம். கடையில் பட்டையைத் தொட்டு, நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்தினால் போதும். கையில் இருக்கும் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது, ‘இவ்வளவா?’ என்று மனம் ஒரு கணம் தயங்குகிறதல்லவா, அந்தத் தயக்கம் இங்கே வருவதே இல்லை. இது வெறும் அனுமானம் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டிக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகத் தர வேண்டும்; இன்னொரு பிரிவினர் கார்டில் தரலாம். கார்டுப் பிரிவினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொகை கேட்டார்கள். கார்டுக்கே இப்படி என்றால், பணம் என்ற நினைவே வராத ரப்பர் பட்டைக்கு எப்படி இருக்கும்?

வீண் விரயத்தைப் பற்றி நம் மார்க்கம் சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை பயானில் கேட்டதைப் பூங்காவுக்குள் நினைவில் வைப்பதுதான் கடினம். வாப்பா வெளிநாட்டில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு, ‘டொக்’ என்ற ஒரு சத்தத்தில் போய்விடுகிறது. விடுதியைக் காலி செய்யும் அன்று மொத்தக் கணக்கு வரும்போது யார் எதை வாங்கினார்கள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே பிள்ளைகளின் பட்டையில் பணம் செலுத்தும் வசதியை வைக்காதீர்கள். பட்டை நுழைவுக்கு மட்டும் இருக்கட்டும். இந்த இணைப்பைக் குடும்பத்தில் யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுப்பதாக இருந்தால் காலையிலேயே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதையும் மிச்சம் பிடித்து வருகிற பிள்ளைகள் உண்டு, மாஷா அல்லாஹ்!

வேறு விதமான செலவும் இருக்கிறது. ஜப்பானின் ஒசாகா நகரில் 2021 மார்ச் மாதம் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவுக்குள் ‘சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட்’ திறந்தார்கள். அங்கே ‘பவர் அப் பேண்ட்’ என்ற பட்டை தனியாக விற்கப்படுகிறது. அதைக் கட்டியவர் பெட்டியைத் தட்டினால் நாணயம் சேரும், புள்ளி ஏறும். கட்டாதவர் ரைடுகளில் ஏறலாம். ஆனால் அவருக்குப் புள்ளி கிடையாது, சில விளையாட்டுகளில் கலந்துகொள்ளவும் முடியாது. ஒரு பட்டையில் ஒருவருடைய புள்ளிகள்தான் சேரும். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒன்று வாங்கித் தந்து ‘மாறி மாறிக் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சமாளிக்க முடியாது. மூன்றும் வாங்கலாம், அல்லது ஒன்றுமே வாங்காமல் இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் வாங்குவதுதான் அன்றைய நாளைக் கெடுக்கும். இதை வாசலில் நின்று முடிவு செய்யாமல், புறப்படும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேஜிக் பேண்டோடு வந்த ‘ஃபாஸ்ட் பாஸ் பிளஸ்’ முறையில், எந்த ரைடுக்கு எந்த மணிக்கு என்று வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டியிருந்தது. விடுமுறை நாளுக்கும் பள்ளிக்கூடம் போலக் கால அட்டவணை! 2021இல் அந்த இலவச ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, கட்டணம் வாங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பதிவு செய்கிறவர்கள் அஸர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். பணம் கட்டிய நேரம் தவறிவிடுமே என்று தொழுகையைத் தள்ளிப்போட மனம் சொல்லும். பயணிக்குரிய கஸ்ர், ஜம்உ சலுகைகள் அவரவர் மத்ஹபின்படி எப்படி என்பதைப் போகும் முன்பே பள்ளி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருப்பவர்கள், பாங்கு நேரத்துக்கு அதிரும்படி வைத்துக்கொள்வது அந்த இரைச்சலில் உண்மையிலேயே பயன்படும்.

பெற்றோர்கள் அதிகம் கேட்பது, பிள்ளை தொலைந்தால் பட்டை கண்டுபிடித்துத் தருமா என்பதுதான். டிஸ்னி பட்டையைக் கட்டிய பிள்ளை எங்கே நிற்கிறது என்று உங்கள் போனில் பார்க்க முடியாது. அந்த வசதி பெற்றோருக்குத் தரப்படவில்லை. பட்டையின் நடமாட்டத் தகவல் நிறுவனத்துக்குத்தான். இதைக் குறித்தே 2013 ஜனவரியில் அமெரிக்க எம்.பி. எட்வர்ட் மார்க்கி, குழந்தைகளின் விவரங்களை என்ன செய்வீர்கள் என்று டிஸ்னி தலைவருக்குக் கடிதம் எழுதினார். பட்டை கட்டுவது கட்டாயம் அல்ல, கட்டுப்பாடு பெற்றோரிடம் இருக்கிறது என்று பதில் வந்தது.

சரி, ஜி.பி.எஸ். வைத்த சிறுவர் வாட்ச் வாங்கிக் கட்டினால்? கூரைக்குள் அது சரியாக இடம் காட்டாது. 2017 அக்டோபரில் நார்வே நாட்டு நுகர்வோர் மன்றம் சில சிறுவர் வாட்ச்களைச் சோதித்து, முன்பின் தெரியாதவர்கள் உள்ளே புகுந்து பிள்ளையின் இருப்பிடத்தைப் பார்க்க முடிகிறது என்று எச்சரித்தது. அடுத்த மாதமே ஜெர்மனி, தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள சிறுவர் வாட்ச்களின் விற்பனையைத் தடை செய்தது. பிள்ளைகள் நம்மிடம் இருக்கும் அமானிதம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத வாட்ச்சை அவர்கள் கையில் கட்ட வேண்டாம்.

ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் நம் ஹஜ் கமிட்டி தரும் எஃகு வளையத்தை அறிவார்கள். அதில் சார்ஜ் இல்லை, ஆப் இல்லை. ஹாஜியின் அடையாள விவரம் பொறித்திருக்கும். வழி தவறி, பேச மொழி தெரியாமல் நிற்கும் முதியவருக்காக அது பேசும். மினாவில் 2015இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு, அடையாளமும் மருத்துவ விவரமும் அடங்கிய மின்னணுப் பட்டை வழங்கப்படும் என்று 2016இல் சவூதி அரசு அறிவித்ததும் இதே தேவைக்காகத்தான். பூங்காவில் பிள்ளைக்குத் தேவையானதும் அவ்வளவுதான். உள் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரை அழியாத பேனாவால், அந்த நாட்டின் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள். காலையில் உள்ளே போனதும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், என்ன உடை என்று கேட்டால் தடுமாற வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு குறிப்பு. புதிய ஐபோன், ஆப்பிள் வாட்ச்களில் கார் விபத்தை உணர்ந்து தானே அவசர உதவிக்கு அழைக்கும் வசதி 2022இல் வந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில், ரோலர் கோஸ்டரின் குலுக்கலை விபத்து என்று நினைத்து, சவாரி செய்தவர்களின் கருவிகள் அவசர எண்ணை அழைத்துவிட்டன. அந்தப் பக்கம் கேட்டதெல்லாம் ‘ஆ’வென்ற அலறல்தான்! ஏறும் முன் போனையும் வாட்ச்சையும் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தப் பட்டையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கிறவர்கள், அதற்கு முன் ஆப்பில் போய் அந்தப் பட்டையைச் செயலிழக்கச் செய்துவிடுங்கள். அது இன்னமும் உங்கள் பெயரில் இருக்கும் பட்டை.